அடைமானம் திரும்பும், அச்சாரம் திரும்பாது

பாளையங்கோட்டைக்கு வெளியே 5 சென்ட் மனை ஒன்றுக்காக நான் கொடுத்த 50,000 ரூபாய், 42 நாள் கழித்து, கொடுத்த அதே பழுப்பு உறையில் எனக்குத் திரும்பி வந்தது. மனைக்காரரிடம் வேறு ஒருவர் கூடுதல் விலை பேசியிருந்தார். "ஒரு ரூவா கொறையாது, எண்ணிப் பாத்துக்கிடுங்க" என்று அவர் சொன்னது உண்மைதான், குறையவில்லை. ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கையைவிட்டு எதுவும் போகாதபோது எதையோ பறிகொடுத்தது போல மனம் ஏன் அடித்துக்கொள்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. மறுநாள் காலை இந்த விவரத்தைக் கேட்ட என் பெரியம்மா, ஓய்வு பெற்ற தமிழாசிரியை, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "எய்யா, அச்சாரம்னு குடுத்தது அப்படியே திரும்பி வந்தா அது அச்சாரமா? அந்த மனுசன் அத அடைமானமால்லா நெனச்சிருக்கான்" என்றார்.

ஒரே வரியில் அவர் பிரித்துக் காட்டிவிட்ட இந்த வேறுபாட்டை நான் அதுவரை நிறுத்தி யோசித்ததே இல்லை. அடைமானம் என்பது திரும்பி வருவதற்காகவே கொடுக்கப்படுவது. நகையை வைத்துப் பணம் வாங்குகிறோம், பணத்தைக் கட்டி நகையை மீட்கிறோம்; மீளாத நகை முழுகிப்போன நகை, அது வீட்டுக்கு வந்த கேடு. அச்சாரம் அப்படியல்ல. அது விலையின் முதல் துண்டு. கொடுத்த கணத்திலேயே அது கிரயத்தோடு சேர்ந்துவிடுகிறது. மீதி வந்து அதோடு சேரவேண்டுமே தவிர, அது திரும்பிப் போகக் கூடாது. அச்சாரம் திரும்புகிறது என்றால் பேச்சு முறிந்துவிட்டது என்று பொருள். எனக்கு வலித்தது அந்த முறிவுதான், பணம் அல்ல. நம் ஊரில் இன்று இந்த இரண்டுக்கும் "அட்வான்ஸ்" என்ற ஒரே சொல்லைப் புழங்குகிறோம். வாடகை வீட்டுக்குக் கொடுக்கும் அட்வான்ஸ், காலி செய்யும்போது திரும்பிவர வேண்டிய அடைமானம். மனைக்குக் கொடுக்கும் அட்வான்ஸ், திரும்பக் கூடாத அச்சாரம். சொல் ஒன்று, உள்ளே இருக்கும் வாக்குறுதிகள் இரண்டு. மனைக்காரரும் நானும் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு இரண்டு வேறு பொருளில் நின்றிருக்கிறோம் என்பது அன்றுதான் தெரிந்தது.

இத்தோடு இது முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனதற்குக் காரணம், அடுத்த தை மாதத்தில் ஒரு விடியற்காலை.

பதினேழாம் வசனம்

பெரியம்மா ஆண்டுதோறும் சனவரி முதல் தேதி, பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தில் தொடங்கி வேதத்தை முழுவதுமாக வாசிப்பவர். அந்த ஆண்டு கண்புரை அறுவைக்குப் பிறகு எழுத்து மங்கலாகத் தெரிந்ததால், காலையில் நான் வாசிக்க அவர் கேட்டார். 38ஆம் அதிகாரம் வந்தது. ஆலயத்தில் யாரும் உரக்க வாசிக்காத அதிகாரம் அது. விதவையான தாமார், தனக்கு முறைப்படி மறுகணவனாகக் கிடைக்கவேண்டிய மூன்றாம் மகனைத் தராமல் ஏமாற்றிவிட்ட மாமனார் யூதாவை, முகத்தை மூடிக்கொண்டு வழியோரத்தில் உட்கார்ந்து எதிர்கொள்கிறாள். அவளை வேசி என்று எண்ணிய யூதா, மந்தையிலிருந்து ஒரு வெள்ளாட்டுக்குட்டியை அனுப்புவதாகச் சொல்கிறான். "நீர் அதை அனுப்புமளவும் ஒரு அடைமானம் கொடுப்பீரா" என்று கேட்கிறாள் தாமார். எதை அடைமானமாகக் கொடுக்கவேண்டும் என்று அவன் கேட்க, அவனுடைய முத்திரை மோதிரத்தையும் ஆரத்தையும் கைக்கோலையும் கேட்கிறாள்.

அடைமானம் என்ற சொல்லில் என் குரல் தானாக நின்றது. பெரியம்மாவும் சிரித்துக்கொண்டே, "பாத்தியா, நம்ம சொல்லு" என்றார். பிறகு, "நீ கிரேக்கம் படிக்கியே, அங்க இந்த எடத்துல என்ன சொல்லு கெடக்குன்னு பாரேன்" என்றார். நான் மாலை வகுப்பில் இரண்டு ஆண்டு கிரேக்கம் படித்தவன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வாசிப்பேன். எபிரெய வேதத்தின் முதல் ஐந்து நூல்களை, கி.மு. 3ஆம் நூற்றாண்டில், எகிப்தின் அலெக்சாந்திரியா நகரத்து யூதர்கள் கிரேக்கத்தில் பெயர்த்தார்கள். எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்று அதற்குப் பெயர். அதில் ஆதியாகமம் 38:17ஐத் திறந்து விரலை வைத்து எழுத்துக்கூட்டினேன். அல்ஃபா, ரோ, இன்னொரு ரோ, அல்ஃபா, பேட்டா, ஓமேகா, நூ, கடைசியில் வேற்றுமை உருபாக ஓர் அல்ஃபா. அர்ரபோன்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்தச் சொல்லை எனக்கு நன்றாகத் தெரியும். வகுப்பில், புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலன் பவுலின் பெயரிலுள்ள எபேசியர் நிருபத்தின் முதல் அதிகாரத்தை வரி வரியாகப் படித்தபோது இதே சொல்லை நான் குறிப்பேட்டில் எழுதி, எதிரே அதன் தமிழையும் எழுதியிருந்தேன். பரிசுத்த ஆவியானவர் "நம்முடைய சுதந்தரத்தின் அச்சாரமாயிருக்கிறார்" என்பது அந்த வசனம்; வேதத் தமிழில் சுதந்தரம் என்றால் வாரிசுரிமை. பவுல் அங்கே எழுதிய சொல் அர்ரபோன். தாமார் கேட்டதும் அர்ரபோன். தமிழ் வேதத்தில் ஒன்று அடைமானம், மற்றது அச்சாரம். எந்த இரண்டு சொற்களைப் பெரியம்மா எனக்காகப் பிரித்துக் காட்டினாரோ, அதே இரண்டு சொற்கள், ஒரே கிரேக்கச் சொல்லின் இரண்டு முகங்களாக என் முன்னே கிடந்தன.

எபிரெயப் பக்கத்தைத் திறந்தால் வியப்பு இன்னும் பெருகியது. அங்கே தாமார் கேட்பது ஏராவோன். அர்ரபோன், ஏராவோன். இது மொழிபெயர்ப்பே அல்ல. அலெக்சாந்திரிய மொழிபெயர்ப்பாளர் எபிரெயச் சொல்லுக்கு எதிரே அதே சொல்லை வைத்திருக்கிறார். எபிரெய எழுத்துகளைக் கிரேக்கத்தில் ஒலிபெயர்த்து எழுதிவிட்டார் என்று முதலில் நினைத்தேன். அது தவறு என்று அகராதி சொன்னது. எழுபதின்மர் மொழிபெயர்ப்புக்கு வெகுகாலம் முன்பே இந்தச் சொல் கிரேக்கரின் கடைத்தெருவில் புழங்கிக்கொண்டிருந்தது. ஒரு மொழி இன்னொரு மொழியிடம் கடனாகப் பெற்ற சொல், பிறகு ஒரு நாள் தான் பிறந்த வீட்டுச் சொல்லையே மொழிபெயர்க்க வந்து நிற்கிறது.

படகுத்துறையில் கொடுத்தது

எபிரெயத்தின் வேர் மூன்று மெய்யெழுத்துகள்: அயின், ரேஷ், பேத். பிணை நிற்பது, ஈடு வைப்பது என்பது இந்த வேரின் பொருள். யூத ஆளுநர் நெகேமியாவின் நாளில் பஞ்சத்துக்குத் தானியம் வாங்கத் தங்கள் நிலங்களையும் வீடுகளையும் ஈடு வைத்த மக்கள் முறையிடுவது இந்த வினைச்சொல்லில்தான். நீதிமொழிகள் 17:18இல், சிநேகிதனுக்காகக் கையடித்துக் கொடுத்துப் "பிணைப்படுகிறான்" என்று வரும் இடத்திலும் இதுதான் வேர். சிரியக் கடற்கரையில், இன்றைய ரஸ் ஷம்ராவில், 1929 முதல் தோண்டி எடுக்கப்பட்ட உகாரித் நகரத்துக் களிமண் பலகைகளிலும் பிணை நிற்பவரைக் குறிக்க இதே வேரிலிருந்து வந்த சொல் இருக்கிறது. உகாரித் அழிந்தது கி.மு. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஆகவே இது எபிரெயருக்கு மட்டும் உரிய சொல் அல்ல. அந்தக் கடற்கரை முழுவதன் பொதுச் சொத்து. இதே மூன்று எழுத்துகளில் சாயங்காலம் என்ற சொல்லும் இனிமை என்ற சொல்லும் எபிரெயத்தில் உண்டு. பிணையையும் மாலைப்பொழுதையும் இனிமையையும் ஒன்றாக முடிந்து பிரசங்கம் செய்வோரை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் மொழியில் மாலை என்பது பொழுதும் ஆகும், கழுத்தில் போடும் பூவும் ஆகும். அதற்காக அந்தி நேரத்தைப் பூவால் தொடுத்தார்கள் என்று யாரும் சாதிக்க மாட்டார்கள்.

இந்தச் சொல்லைக் கிரேக்கரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் பெரும்பாலும் பினீசிய வணிகர்கள் என்பதே அறிஞர்களின் கருத்து. இன்றைய லெபனானிலுள்ள தீரு, சீதோன் துறைமுகங்களிலிருந்து மத்தியதரைக் கடல் எங்கும் சென்ற அவர்களின் மொழி எபிரெயத்துக்கு உடன்பிறப்பு. தொண்டையின் அடியிலிருந்து எழும் அயின் ஒலி கிரேக்கரின் வாய்க்கு வராததால் சொல் வெறும் அகரத்தில் தொடங்கியது. தனியாகவும் அது வரவில்லை. சாக்கு, சீரகம், எள், தங்கம், உள்ளாடை ஆகியவற்றுக்கான கிரேக்கச் சொற்களும் அந்தக் கரையிலிருந்து வந்தவையே. இவற்றுள் சில, கி.மு. 13ஆம் நூற்றாண்டை ஒட்டிய பழங்கிரேக்கரான மைசீனியரின் களிமண் ஏடுகளிலேயே காணப்படுகின்றன. பொருள்கள் வந்தபோது அவற்றின் பெயர்கள் கூடவே வந்தது இயல்பு. ஆனால் அர்ரபோன் மூட்டையில் கட்டி இறக்கும் பொருள் அல்ல, ஒரு நடைமுறை. முன்பின் தெரியாத இருவர், ஒருவர் மொழி இன்னொருவருக்குப் பாதி மட்டுமே புரியும் நிலையில், துறைமுகத்தில் நின்று ஒருவரையொருவர் நம்புவதற்குக் கண்டுபிடித்த வழி அது. அந்த வழிக்கு அவர்கள் இருவரும் ஒரே பெயரைச் சொல்லவேண்டியிருந்தது.

இதைக் கண்ணால் பார்ப்பது போலக் காட்டும் ஒரு சான்று தெற்குப் பிரான்சில் கிடைத்திருக்கிறது. சிஜான் ஊருக்கு அருகே பெஷ் மாஹோ என்ற மேட்டில், 1950இல், சிறிய ஈயத் தகடு ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் பழைய இத்தாலியின் எத்ருஸ்க எழுத்து; மறுபக்கம், கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க எழுத்து. படகு வாங்கிய கணக்கு அது. எம்போரியோன் ஊராரிடமிருந்து படகு வாங்கப்பட்டது, அதில் பாதிப் பங்கு எழுதியவருக்கு வந்தது, இரண்டரை நாணயத்தைக் கையில் கொடுத்தார், இரண்டு நாள் கழித்துப் பிணையும் கொடுத்தார், அந்தப் பணம் ஆற்றின் மேல் வைத்துப் பெறப்பட்டது என்றெல்லாம் சொல்லிவிட்டு, அர்ரபோனைப் படகுகள் கட்டியிருக்கும் இடத்தில் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே சாட்சிகளின் பெயர்கள். அவை கிரேக்கப் பெயர்கள் அல்ல. பாசிகெர்ரோஸ், ப்ளெருவாஸ் போன்ற உள்ளூர்ப் பெயர்கள். பினீசியரின் சொல், கிரேக்கரின் எழுத்து, ஐபீரியச் சாட்சிகள். எந்த இடத்தில் வைத்துக் கொடுத்தேன் என்பதைக்கூட விடாமல் எழுதிவைத்த அந்த மனிதரை நினைக்கும்போது, ஒரு சாட்சியும் இல்லாமல் பழுப்பு உறையை நீட்டிய என் அவசரம் எனக்குத் தெரிந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிணையும் அர்ரபோனும் அந்தத் தகட்டில் இரண்டு வேறு சொற்களாக, இரண்டு வேறு காரியங்களாக வருகின்றன. கடற்கரையிலிருந்து புறப்பட்டபோது பிணை, ஈடு என்று பொருள்பட்ட சொல், கிரேக்கரின் சந்தைக்கு வந்து சேர்ந்தபோது விலையின் பக்கம் சாய்ந்துவிட்டது. அரிஸ்டாட்டில் தம் அரசியல் நூலின் முதல் பகுதியில் சொல்லும், கிரேக்கத் தத்துவ அறிஞர் தேலீஸின் கதையில் இந்தச் சாய்வு முழுமையாகத் தெரிகிறது. வானத்தைப் பார்த்து ஒலிவ விளைச்சல் பெருகும் என்று கணித்த தேலீஸ், குளிர்காலத்திலேயே மிலேத்து, கீயு ஆகிய ஊர்களின் எண்ணெய்ச் செக்குகள் அனைத்துக்கும் கையிலிருந்த சிறு பணத்தை அர்ரபோனாகக் கொடுத்து வைத்தார். போட்டிக்கு ஆள் இல்லாததால் மலிவாகக் கிடைத்தது. பருவம் வந்தபோது செக்குக்கு ஆளாய்ப் பறந்தவர்களிடம் தாம் விரும்பிய வாடகைக்கு விட்டார். அந்தப் பணம் யாருக்கும் திரும்பவில்லை. அது அச்சாரம். தேலீஸின் முன்னோர் பினீசியர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருப்பதையும் இங்கே சேர்த்து எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை.

எகிப்தின் மணலில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளிலும் இந்தச் சொல் நிறைய வருகிறது. எனக்கு மிகவும் பிடித்தது கி.பி. 237ஆம் ஆண்டின் ஓர் ஏடு. ஊர்த் திருவிழாவில் ஆட நடனப் பெண்களை அமர்த்துகிறார்கள். முன்பணமாக இத்தனை திராக்மா அர்ரபோன் கொடுத்தோம், அது கூலியில் கழித்துக்கொள்ளப்படும் என்று எழுதிக்கொள்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டுக் குழுவையும் நையாண்டி மேளக்காரர்களையும் பேசி முடித்துவிட்டு, வெற்றிலை பாக்கோடு வைத்து நீட்டும் பணம் இதுவேதான். அந்தப் பணத்தை வாங்கிவிட்ட குழு, அதே நாளில் வேறு ஊர் எவ்வளவு கொடுத்தாலும் போவதில்லை.

பவுலும் ஜெரோமும்

பவுல் கொரிந்துவில் கூடாரம் செய்து பிழைத்தவர். தோலுக்கும் துணிக்கும் அர்ரபோன் கொடுத்தும் வாங்கியும் இருப்பார் என்று எண்ணுவதில் தவறில்லை. அவர் பெயரிலான நிருபங்களில் இந்தச் சொல் மூன்று முறை வருகிறது: 2 கொரிந்தியரில் இருமுறை, எபேசியரில் ஒருமுறை. எபிரெய வேதம் முழுவதிலும் ஏராவோன் வருவதும் மூன்று முறைதான், மூன்றும் தாமாரின் அதிகாரத்திலேயே. பவுலின் மூன்று இடங்களிலும் பொருள் ஐயத்துக்கு இடமில்லாமல் அச்சாரமே. இப்போது கொடுக்கப்பட்டிருக்கும் ஆவி, பின்னால் வரப்போகும் முழுச் சுதந்தரத்தின் முதல் துண்டு. திரும்ப வாங்கிக்கொள்ளப்படும் ஈடு அல்ல. மீதியும் இதே வகையாகவே இருக்கும் என்பது அச்சாரத்தின் உள்ளடக்கம். ரூபாய்க்கு அச்சாரம் ரூபாய்தான். ஆட்டுக்குட்டிக்கு ஈடாக மோதிரத்தை வைக்கலாம்; ஆட்டுக்குட்டியின் அச்சாரமாக மோதிரம் ஆகாது.

லத்தீனுக்குப் போனபோது இந்த நுட்பம் நழுவியது. ரோமரிடம் சொல் அர்ராபோ என்றும், பிறகு தேய்ந்து அர்ரா என்றும் புழங்கியது. ரோம நாடகாசிரியர் ப்ளாட்டஸின் நாடகம் ஒன்றில் ஒரு முரட்டு வேலைக்காரன் முதலெழுத்தை விழுங்கி "ராபோ" என்கிறான். ஏன் என்று கேட்டால், முன்னெழுத்து எனக்கு லாபம் என்கிறான். அவ்வளவு தெருப்பட்ட சொல். வேதத்தில் வைக்கக் கூச்சப்பட்டார்களோ என்னவோ, பவுலின் இடங்களில் லத்தீன் மொழிபெயர்ப்பு "பிக்னுஸ்" என்று எழுதியது. பிக்னுஸ் என்றால் அடைமானம். கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெத்லகேமில் உட்கார்ந்து எபேசியருக்கு விளக்கம் எழுதிய வேத அறிஞர் ஜெரோம், இந்த இடத்தில் நின்று முறையிடுகிறார். அர்ரபோன் என்பதும் பிக்னுஸ் என்பதும் ஒன்றல்ல. முன்னது வரப்போகும் கிரயத்துக்குச் சாட்சியாகவும் கட்டுப்பாடாகவும் கொடுக்கப்படுவது, பின்னது கடனுக்கு வைக்கப்பட்டு, கடன் தீர்ந்ததும் உரியவரிடம் திரும்புவது என்கிறார். சபைத் தந்தை அகஸ்தீனும் தம் பிரசங்கங்களில் இதே வேறுபாட்டைச் சொல்லியிருக்கிறார். இதைப் படித்துக் காட்டியபோது பெரியம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நான் சொன்னதத்தான் அவரும் சொல்லியிருக்காரு" என்றார். ஆமாம், அதையே சொல்லியிருக்கிறார். நானாக இருந்திருந்தால் அந்த நேரத்தில் அவ்வளவு அமைதியாக இருந்திருக்க மாட்டேன்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இந்தக் குழியில் விழவில்லை என்பதில் எனக்குப் பெருமை உண்டு. கிரேக்கத்தில் ஒரே சொல் இருக்கிறது என்பதற்காகத் தமிழிலும் ஒன்றையே போட்டுவிடாமல், தாமாரின் வாயில் அடைமானத்தையும் பவுலின் வாயில் அச்சாரத்தையும் வைத்தார்கள். தாமார் கேட்டது ஆட்டுக்குட்டி வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருளை. பவுல் சொன்னது திரும்பாததை. தமிழில் அச்சாரத்தைவிடப் பொருத்தமான சொல் அந்த இடத்துக்கு இல்லை. வடமொழியில் இதே முன்பணத்துக்குச் சத்தியங்காரம் என்று பெயர். மெய்யாக்குவது என்று பொருள். நம் அச்சாரம் அதிலிருந்து வந்ததாகக் கருதுவோர் உண்டு. அப்படியானால் சொல்லின் உள்ளேயே வாக்கை மெய்யாக்கும் செயல் இருக்கிறது.

ஆனால் இந்தப் பெருமையோடு ஒரு குறையும் என்னை விடாமல் அரித்தது. இரண்டு சொல் வைத்ததால் பொருள் காப்பாற்றப்பட்டது, உறவு அறுந்துவிட்டது. 2 கொரிந்தியர் 1:22இல் பவுல், "அவர் நம்மை முத்திரித்து" என்று சொன்ன கையோடு அச்சாரத்தைச் சொல்கிறார். எபேசியரிலும் முத்திரை போடப்பட்டதைச் சொல்லிவிட்டே அச்சாரத்துக்கு வருகிறார். முத்திரையும் அர்ரபோனும் பக்கத்தில் பக்கத்தில். யூதா கொடுத்த அர்ரபோனில் முதல் பொருளே முத்திரைதான். பவுல் அந்தக் கதையை நினைத்தே எழுதினார் என்று சாதிக்க என்னிடம் ஆதாரம் இல்லை. கடைத்தெருவில் முத்திரையும் முன்பணமும் எப்போதும் சேர்ந்தே இருப்பவைதாம். ஆனால் எழுபதின்மர் மொழிபெயர்ப்பைக் கேட்டு வளர்ந்த ஒருவரின் காதில் இந்த இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது, வழியோரத்தில் முகத்தை மூடி உட்கார்ந்திருந்த பெண் நினைவுக்கு வந்திருக்கவே மாட்டாளா? தமிழ் வாசகருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அடைமானத்திலிருந்து அச்சாரத்துக்குப் போக நம் வேதத்தில் பாதை போடப்படவில்லை. இரண்டு சொல்லையும் மாற்றவேண்டாம்; ஆனால் ஓரத்தில் ஒரு சிறு குறிப்பு போட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆட்டுக்குட்டி போய்ச் சேரவில்லை

இதையெல்லாம் எழுதி வைத்துவிட்டு, மறுபடியும் 38ஆம் அதிகாரத்தை முதலிலிருந்து படித்தேன். அப்போதுதான், அதுவரை நான் வசதியாகத் தாண்டிப்போன ஒன்று கண்ணில் பட்டது. யூதா சொன்னபடி ஆட்டுக்குட்டியை நண்பன் கையில் அனுப்புகிறான். அந்தப் பெண்ணைக் காணவில்லை. ஊரில் விசாரித்தால், அப்படி ஒருத்தி இங்கே இருந்ததே இல்லை என்கிறார்கள். நமக்கு அவமானம் வேண்டாம், அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று யூதா விட்டுவிடுகிறான். ஆட்டுக்குட்டி போய்ச் சேரவில்லை. ஈடு திரும்பவும் இல்லை. மூன்று மாதம் கழித்து, தாமார் கர்ப்பவதி என்று கேள்விப்பட்டு அவளைச் சுட்டெரிக்கச் சொல்லும் யூதாவிடம், முத்திரை மோதிரமும் ஆரமும் கோலும் வந்து சேர்கின்றன: இவை யாருடையவை, பாரும். பொருள்களை அடையாளம் கண்ட யூதா, "என்னிலும் அவள் நீதியுள்ளவள்" என்கிறான். அவளுக்குப் பிறந்த இரட்டையரில் மூத்தவன் பாரேஸ். தாவீது அரசனின் வமிசம் அவன் வழியாக வருகிறது. மத்தேயுவின் முதல் அதிகாரத்தில், இயேசுவின் முன்னோர் பெயர் வரிசையில் தாமாரின் பெயர் இருப்பது இதனால்தான்.

தாமார் ஈடாகக் கேட்டாள். ஆனால் அந்த ஈடு, திரும்ப வேண்டிய பொருளாக இருப்பதை விட்டுவிட்டு, அவளுக்கு வரவேண்டியிருந்த முழுவதன் முதல் துண்டாக அவள் கையில் தங்கிவிட்டது. அவளுக்கு மறுக்கப்பட்டது ஆட்டுக்குட்டி அல்ல, அந்த வீட்டில் அவளுக்கு உரிய இடமும் பிள்ளையும். அடைமானமாகப் போன மோதிரம் அச்சாரமாக மாறியது அந்தக் கதைக்கு உள்ளேயே நடந்துவிட்டது என்று நான் நம்புகிறேன். கிரேக்கச் சந்தையில் சொல்லுக்கு நேர்ந்த மாற்றத்துக்கும் இதற்கும் வரலாற்றுத் தொடர்பு கிடையாது. அது வேறு, இது வேறு. ஆனாலும் 17ஆம் வசனத்தில் அடைமானம் என்று எழுதிய கை, 25ஆம் வசனத்தில் அந்தப் பொருள்கள் வந்து நிற்கும்போது என்ன சொல் போட்டிருக்கும் என்று எண்ணிப்பார்க்கிறேன். அங்கே எபிரெயமும் எந்தச் சொல்லும் போடவில்லை. மோதிரம், ஆரம், கோல் என்று பொருள்களின் பெயரை மட்டுமே சொல்கிறது.

யூதாவையும் அந்த வேர் விடவில்லை. ஐந்து அதிகாரம் தாண்டி, பஞ்சத்தில் தானியம் வாங்க எகிப்துக்குப் போகவேண்டிய நேரத்தில், தம்பி பென்யமீனை அனுப்பத் தயங்கும் தகப்பனிடம், "அவனுக்காக நான் உத்தரவாதம்பண்ணுவேன்" என்கிறான் யூதா. எபிரெயத்தில் அந்த உத்தரவாதம் ஏராவோனின் அதே வேர். அன்று முத்திரையையும் கோலையும் பிணையாகக் கொடுத்தவன், இன்று தன்னையே கொடுக்கிறான். எகிப்தில் பென்யமீன் சிக்கிக்கொண்டபோது, அவனுக்குப் பதிலாகத் தான் அடிமையாக இருப்பதாகச் சொல்லி முன்வரவும் செய்கிறான். மனிதரே பிணைப்பொருளாவது ரோமருக்கும் தெரிந்திருந்தது. இத்தாலியின் சம்நீத்தியரிடம் ரோமர் விட்டுவந்த 600 பணயக்கைதிகளை ஒரு பழைய வரலாற்றாசிரியர் அர்ராபோ என்றே எழுதியிருப்பதாக ரோம எழுத்தாளர் ஆலுஸ் கெல்லியுஸ் குறித்து வைத்திருக்கிறார். இஸ்ரவேலர் எல்லாரும் ஒருவருக்கொருவர் பிணை என்று யூதரின் மரபு நூலான தல்மூத் சொல்வதும் இதே வேரில். இன்றைய இஸ்ரேலில் வங்கிக் கடனுக்குக் கையெழுத்துப் போடும் ஜாமீன்தாரரின் பெயர் அரேவ்.

கிரேக்கத்தில் சொல் வேறு வீட்டுக்குக் குடிபோனது. இன்று ஏதென்ஸ் தெருவில் அர்ரவோனாஸ் என்றால் முன்பணம் அல்ல, திருமண நிச்சயம். நாம் பரிசம் போடுவது என்று சொல்வது போல, கொடுத்து உறுதி செய்வதிலிருந்து அந்த நிகழ்ச்சிக்கே பெயர் வந்துவிட்டது. ஆர்த்தடாக்ஸ் ஆலயத்தில் மணமக்களுக்கு மோதிரம் மாற்றும் சடங்கின் பெயரும் அதுவே. அந்தச் சடங்கின் செபத்தில், மோதிரத்தால் யோசேப்புக்கு எகிப்தில் அதிகாரம் கிடைத்தது, மோதிரத்தால் தானியேல் மேன்மை அடைந்தான் என்று சொல்லிவரும் ஆசாரியர், மோதிரத்தால் தாமாரின் உண்மை வெளிப்பட்டது என்றும் சொல்கிறார். நம் ஆலயங்களில் உரக்க வாசிக்கக் கூசும் அந்தப் பெண்ணின் பெயரை, மணமேடையில், மணப்பெண்ணின் விரலில் மோதிரம் ஏறிய கையோடு அவர்கள் சொல்கிறார்கள். ஓரக்குறிப்பு போடாமலே அவர்களுக்குப் பாதை தெரிந்திருக்கிறது.

இந்த ஆண்டு சித்திரையில் வேறொரு மனை அமைந்தது. இந்த முறை உறையை நீட்டுவதற்கு முன் பத்திர எழுத்தரிடம் போனோம். ரோமச் சக்கரவர்த்தி யுஸ்தீனியனின் சட்டத்தில் அர்ராவுக்கு ஒரு விதி உண்டு: வாங்குபவர் பின்வாங்கினால் கொடுத்ததை இழப்பார், விற்பவர் பின்வாங்கினால் வாங்கியதை இரட்டிப்பாகத் திருப்பித் தருவார். பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் 1590ஆம் பிரிவிலும் அதுவே நீடிக்கிறது. அந்த இரண்டு வரியைக் கிரய ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொன்னேன். அட்வான்ஸ் என்று தட்டச்சாகியிருந்த இடங்களில் அச்சாரம் என்று மாற்றவும் சொன்னேன். எழுத்தர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மாற்றிக் கொடுத்தார். விற்பவர், ஐம்பதைத் தாண்டிய விவசாயி, ஒப்பந்தத்தை வாங்கி ஒவ்வொரு வரியாகத் தாமே படித்தார். இரட்டிப்பு என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். "அச்சாரம்னா அப்படித்தான" என்று தமக்குள் சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்றார் எழுத்தர். பெரியம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பேனாவை வாங்கினார்.